அக்காவுக்குப் பிறகு தம்பி

இங்கிலாந்தில் 2006 ஆகஸ்ட் 31 அன்று ஒரு பையன் பிறக்கிறான். மறுநாள், செப்டம்பர் 1 அன்று, பக்கத்துக் கட்டிலில் இன்னொருவன். இரண்டாவது பையன் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்திலேயே ஹெச்.பி.வி. தடுப்பூசியை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். அன்றைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் படுத்துவிட்டால்கூடக் கவலையில்லை; 25 வயது நிறைவதற்குள் கேட்டுப் பெறலாம். முதல் பையனுக்கு அந்த உரிமை இல்லை. அவனுடைய அக்காவுக்கு உண்டு, தங்கைக்கு உண்டு, ஒரே ஒரு நாள் பிந்திப் பிறந்த பக்கத்துக் கட்டில்காரனுக்கும் உண்டு.

அவன் ஆஸ்திரேலியாவில் பிறந்திருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. அங்கே அவனைவிட எட்டு வயது மூத்த பையன்களே 2013-ல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பள்ளியில் வரிசையில் நின்றார்கள்.

இரண்டும் வரிப்பணத்தில் மருத்துவம் நடத்தும் நாடுகள். இரண்டிலும் இந்த ஊசிக்குப் பள்ளிக்கூடம்தான் களம். பெண்பிள்ளைகளுக்கான திட்டத்தை ஆஸ்திரேலியா 2007 ஏப்ரலில் தொடங்கியது, பிரிட்டன் 2008 செப்டம்பரில். ஒன்றரை ஆண்டு முன்பின், பெரிதில்லை. ஆண்பிள்ளைகள் என்று வந்தபோது அந்த இடைவெளி ஆறரை ஆண்டைத் தாண்டிவிட்டது: ஆஸ்திரேலியாவில் 2013 பிப்ரவரி, பிரிட்டனில் 2019 செப்டம்பர். கிருமி ஒன்று, தடுப்பு முறை ஒன்று, இரு நாட்டு நிபுணர்களும் படித்த ஆய்வுகளும் பெரும்பாலும் ஒன்றே. பிறகு எங்கே பிரிந்தார்கள்? கணக்கேட்டில் பையனை எந்தத் தலைப்பின்கீழ் எழுதினார்கள் என்பதில் பிரிந்தார்கள் என்பதே என் வாசிப்பு.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. ஹெச்.பி.வி. ஒற்றைக் கிருமி அல்ல, நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட பெரிய குடும்பம். அதில் 16, 18 என்று எண்ணிட்ட இரண்டும் கருப்பைவாய்ப் புற்றுநோயில் பத்துக்கு ஏழுக்குக் காரணம். 6, 11 ஆகிய இரண்டும் புற்றைத் தருவதில்லை. பாலுறுப்பு மருக்களைத் தரும். கருப்பைவாயைக் கெடுக்கும் அதே 16-ஆம் வகை டான்சிலிலும் அடிநாக்கிலும் ஆசனவாயிலும் ஆண்குறியிலும் புற்றை வளர்க்கும். உலகம் முழுவதும் ஆண்டுக்கு 6,20,000 பெண்களும் 70,000 ஆண்களும் இக்கிருமியால் புற்றுநோய்க்கு ஆளாவதாக 2019-ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவன மதிப்பீடு சொல்கிறது. ஆண்களை விட்டுவிடலாம் என்பவர்களும் சேர்க்க வேண்டும் என்பவர்களும் காட்டுவது இதே இரண்டு எண்களைத்தான். ஆனால் பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் நிலவரம் வேறு. அங்கே பல பத்தாண்டுகளாக நடக்கும் பரிசோதனைகளால் கருப்பைவாய்ப் புற்று ஏற்கெனவே குறைந்துவிட்டது. தொண்டைக்கு அப்படியொரு முன்கூட்டிய பரிசோதனை கிடையாது. ஹெச்.பி.வி.யால் வரும் தொண்டைப் புற்று இரு நாடுகளிலும் ஏறுமுகம். அதில் ஆண்களே அதிகம்.

ஊசியின் பெயரும் பையனுக்கு எதிராகவே இருந்தது. பிரிட்டிஷ் நாளிதழ்கள் ஆரம்பம் முதல் இதைக் கருப்பைவாய்ப் புற்றுநோய் ஊசி என்றே எழுதின. நம் பத்திரிகைகளும் அப்படித்தான். பிரிட்டன் முதலில் வாங்கிய ஊசியின் வணிகப் பெயரான செர்வாரிக்ஸ் கருப்பைவாய்க்கான மருத்துவச் சொல்லிலிருந்தே கிளைத்தது போல ஒலிக்கும். கருப்பையே இல்லாதவனுக்குக் கருப்பைவாய் ஊசி எதற்கு என்று ஒரு தகப்பன் கேட்டால் அவரை எப்படிக் குறை சொல்வது?

இதில் வியப்பு என்னவென்றால், இரு நாடுகளும் இதே பாதையில் முன்பே ஒருமுறை நடந்திருக்கின்றன. ரூபெல்லா கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றில் இருக்கும் சிசுவின் கண்ணையும் காதையும் இதயத்தையும் பாதிக்கும். ஆகவே அதைப் பெண்களின் விவகாரமாகப் பார்த்து பிரிட்டன் 1970-லும் ஆஸ்திரேலியா 1971-லும் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் ஊசி போட்டன. பையன்களிடையே கிருமி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் தட்டம்மை, பொன்னுக்குவீங்கியுடன் சேர்த்த முக்கூட்டு ஊசியாக, பிரிட்டன் 1988-லும் ஆஸ்திரேலியா 1989-லும் ஆண், பெண் குழந்தைகள் எல்லோருக்கும் போடத் தொடங்கின. ஆண்குழந்தைக்கு ரூபெல்லா ஊசி எதற்கு என்று இன்று யாரும் கேட்பதில்லை. ஹெச்.பி.வி. வந்தபோது அந்தப் பாடத்தை யாரும் எடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆஸ்திரேலியாவுக்கு இந்த ஊசி இறக்குமதிச் சரக்கு அல்ல, வீட்டுப் பிள்ளை. கிளாஸ்கோவில் பிறந்த இயன் ஃப்ரேசர் 1980-களின் தொடக்கத்தில் மெல்பர்ன் வந்து, பின்னர் பிரிஸ்பேனில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் வேரூன்றியவர். 1989-ல் கேம்பிரிட்ஜுக்குப் போன இடத்தில் சீன அறிவியலாளர் ஜியான் ஜோ அவருக்குப் பழக்கமானார். ஜோ பிரிஸ்பேனுக்கு வந்து சேர, கிருமியின் மேலோட்டுப் புரதத்தை மட்டும் தனியே உண்டாக்கினால் அது தானாகவே கிருமியின் உருவில் திரண்டுகொள்வதை 1991-ல் இருவரும் கண்டார்கள். உள்ளே மரபுப்பொருள் கிடையாது. பாம்பு உரித்துப்போட்ட சட்டை மாதிரி. உடம்பு அதைப் பாம்பென்றே எண்ணித் தடியைத் தூக்கிக்கொள்ளும். தடுப்பூசியின் அடிப்படை அவ்வளவுதான். ஜோ 1999-ல், 42 வயதில் காலமானார். ஊசி வந்ததை அவர் பார்க்கவில்லை. ஃப்ரேசர் 2006-ல் 'ஆண்டின் ஆஸ்திரேலியர்' ஆனார்.

அந்தப் பெருமிதம் அரசியலில் என்ன செய்யும் என்பது அதே ஆண்டு நவம்பரில் தெரிந்தது. எந்த மருந்துக்கு அரசு பணம் கொடுக்கலாம் என்று பார்த்துச் சொல்லும் அந்நாட்டு மருந்துப் பயன்கள் ஆலோசனைக் குழு, பெண்பிள்ளைகளுக்கான விண்ணப்பத்தையே விலை கட்டுப்படியாகாது என்று திருப்பி அனுப்பியது. நாடே கொதித்தது. நம் ஊரில் கண்டுபிடித்த மருந்து நம் பிள்ளைகளுக்கு இல்லையா என்ற கேள்விக்கு எந்தப் பொருளாதார அட்டவணையும் ஈடு கொடுக்க முடியவில்லை. பிரதமர் ஜான் ஹோவர்டு தலையிட்டார். மருந்து நிறுவனம் விலையில் இறங்கி வந்தது. சில வாரங்களில் முடிவு மாறிவிட்டது. நிபுணர் குழுவின் சுயாதீனத்தில் நம்பிக்கை உள்ளவர்களுக்கு இது நல்ல முன்னுதாரணம் அல்ல. எனக்கும் உவப்பில்லை. ஆனாலும் அந்த ஒரு மாதம் மருந்து நிறுவனம், குழு, அமைச்சகம் ஆகிய மூவருக்கும் ஒன்றைக் கற்றுக்கொடுத்தது: 'இல்லை' என்பது பேரத்தின் நடுவில் வரும் ஒரு சொல்.

பையன்களின் முறை வந்தபோதும் அதுவே நடந்தது, இம்முறை சத்தமில்லாமல். 2011 மார்ச்சில் குழு மறுத்தது. விண்ணப்பம் திரும்பவும் வந்தது. நவம்பரில் குழு சம்மதித்தது. 2012 ஜூலையில் சுகாதார அமைச்சர் தான்யா பிளிபெர்செக் அறிவித்தார். 2013 பிப்ரவரியில் 12, 13 வயதுப் பையன்களுக்கு ஊசி தொடங்கியது. 14, 15 வயதினரும் விட்டுப்போகாதபடி 2014 இறுதிவரை அவர்களுக்கும் போட்டார்கள். அரசுச் செலவில், பள்ளிவழித் தேசியத் திட்டமாக ஆண்பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்த முதல் நாடு ஆஸ்திரேலியா.

பிரிட்டனில் அமைப்பே வேறு. அங்கே தடுப்பூசிக்கான கூட்டுக் குழு, மருந்து நிறுவனத்தின் விண்ணப்பத்துக்காகக் காத்திருப்பதில்லை. தானே கேள்வியை எழுப்பி, அரசு சுகாதாரத் துறையிலும் பல்கலைக்கழகங்களிலும் உள்ள கணித மாதிரிக்காரர்களைக் கணக்குப் போடச் சொல்லி, அதன்மேல் ஆலோசனை தரும். விலைப் பேச்செல்லாம் பிறகு, டெண்டரில். 2009-ல் வந்த விதிகளின்படி, கட்டுப்படியாகும் என்று குழு பரிந்துரைக்கும் தேசியத் திட்டத்தை இங்கிலாந்தின் சுகாதார அமைச்சர் நடைமுறைப்படுத்தியே ஆக வேண்டும். குழுவின் சொல்லுக்கு இவ்வளவு கனம் இருப்பதால், அது கணக்கை மயிரிழை பிசகாமல் போட விரும்பியது. அந்தக் கண்டிப்பை நான் மதிக்கிறேன். ஓட்டுக்காக ஊசி அறிவிக்கும் அமைச்சரைவிட, ஓட்டைப் பற்றிக் கவலைப்படாத கணக்குக் குழு மேல். ஆனால் எந்தக் கணக்கு?

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வட்டிக் கணக்கை நாம் முன்னோக்கிப் போடுகிறோம்: இன்றைய நூறு ரூபாய் பத்து வருஷத்தில் என்ன ஆகும்? சுகாதாரப் பொருளாதாரம் அதைப் பின்னோக்கிப் போடுகிறது: நாற்பது வருஷம் கழித்துக் கிடைக்கப்போகும் நன்மைக்கு இன்றைக்கு என்ன மதிப்பு? இதற்குக் கழிவு விகிதம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். பிரிட்டனில் வழக்கமான விகிதம் 3.5 சதவீதம். பன்னிரண்டு வயதில் ஊசி போட்டு ஐம்பத்திரண்டு வயதில் தொண்டைப் புற்றைத் தவிர்த்தால், அந்த நூறு பங்கு நன்மை இன்றைய ஏட்டில் சுமார் 25 என்றுதான் பதிவாகும். விகிதத்தை 1.5 ஆக்கினால் அதே நன்மை 55 ஆகிவிடும். பையனும் அவனே, புற்றும் அதுவே; ஒரு தசம எண்ணை மாற்றினால் அவன் உயிரின் மதிப்பு இரட்டிப்பாகிறது. மூன்றே மாதத்தில் பலன் தெரியும் சிகிச்சைக்கு இந்தக் கழிவு ஒன்றும் செய்யாது. பலன் தெரிய ஒரு தலைமுறை ஆகும் தடுப்பூசியைத்தான் அது அரித்துத் தின்னும்.

பிரிட்டிஷ் பிரச்சாரகர்கள் பலர் பழியை முழுக்க இந்த விகிதத்தின் மேல் போட்டார்கள். இரு நாடுகளையும் அருகருகே வைத்தால் அந்த வாதம் ஆட்டம் காண்கிறது. ஆஸ்திரேலியக் குழுவின் வழக்கமான கழிவு விகிதம் 5 சதவீதம். அந்தக் கணக்கில் நாற்பது ஆண்டுக்குப் பிந்தைய நூறு, வெறும் 14. பிரிட்டனைவிடக் கடுமையான தராசில் நிறுத்தும் அந்த நாடுதான் முந்திக்கொண்டு பையனைச் சேர்த்தது. ஆகவே விகிதம் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

இன்னொரு காரணம் மருக்கள் என்று நினைக்கிறேன். ஆஸ்திரேலியா தொடக்கம் முதல் வாங்கிய கார்டசில் 6, 11, 16, 18 என நான்கு வகைகளையும் தடுக்கும். பிரிட்டன் 2008-ல் தேர்ந்தெடுத்த செர்வாரிக்ஸ் 16, 18 ஆகிய இரண்டை மட்டும் தடுக்கும். 2012 செப்டம்பரில்தான் அவர்கள் கார்டசிலுக்கு மாறினார்கள். புற்றுநோய் நாற்பது ஆண்டு கழித்து வருவது. மரு சில மாதங்களிலேயே வந்துவிடும். ஆகவே அதைத் தடுத்ததன் பலனை எந்தக் கழிவு விகிதமும் தொட முடியாது. கண்ணுக்கும் தெரியும். ஆஸ்திரேலியப் பாலியல் நல மருத்துவமனைகளுக்கு முதல் முறையாக வந்த 21 வயதுக்குட்பட்ட பெண்களில் மரு இருந்தவர்கள் 2007-ல் 11.5 சதவீதம், 2011-ல் 0.85. அதே வயதில் பெண்களை நாடும் ஆண்களிடையே 12.1-லிருந்து 2.2. அந்த ஆண்கள் ஊசியே போட்டுக்கொள்ளாதவர்கள்! பெண்பிள்ளைகள் கையில் குத்திக்கொண்டது தெரியாமலே அவர்களுக்குக் கவசமாகியிருந்தது. ஆனால் அதே அட்டவணையில் மூன்றாவதாக ஒரு வரிசை இருந்தது: ஆண்களை நாடும் ஆண்கள். அங்கே எண்ணிக்கை இறங்கவே இல்லை.

அந்த மூன்றாவது வரிசையை இரு நாடுகளும் எப்படிப் படித்தன என்பதில்தான் இருவரின் மனப்போக்கும் துலங்குகிறது. பெண்ணுக்குப் போட்டால் ஆணுக்கும் பாதுகாப்பு என்ற வாதத்தில் ஒரு ஓட்டை இருப்பதை இருவருமே ஒப்புக்கொண்டார்கள். ஆஸ்திரேலியா அந்த ஓட்டையை வகுப்பறையில் அடைத்தது. எந்தப் பையன் யாரை விரும்புவான் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை, பன்னிரண்டு வயதில் எல்லாருக்கும் போட்டுவிடு. பிரிட்டன் 2015 நவம்பரில் வேறு வழி சொன்னது: 45 வயது வரையுள்ள தன்பாலீர்ப்பு ஆண்கள் பாலியல் நல மருத்துவமனைக்கு வரும்போது போடலாம். முன்னோட்டம் பார்த்து, 2018 ஏப்ரலில் இங்கிலாந்து முழுவதும் அது நடைமுறைக்கு வந்தது. காகிதத்தில் கச்சிதமான யோசனை: யாருக்குத் தேவையோ அவர்களுக்கு மட்டும். ஆனால் இந்த ஊசி கிருமி தொடுவதற்கு முன்பு போட்டால்தான் முழுப் பலன் தரும். ஒருவன் தன்னைத் தானே அறிந்து, தயக்கம் விட்டு, அந்த மருத்துவமனை வாசலில் நிற்கும் நாளில் கிருமி அவனுக்கு முன்பே வந்து போயிருக்க வாய்ப்பு அதிகம். பன்னிரண்டு வயதில் போட வேண்டியதை இருபத்தைந்தில் போடுவதற்கு இலக்கு நோக்கிய திட்டம் என்று பெயர் சூட்டியிருந்தார்கள்.

இதைவிடக் கசப்பான ஒரு முரண் உண்டு. பிரிட்டன் பெண்பிள்ளைகள் திட்டத்தை அருமையாக நடத்தியது. இங்கிலாந்தில் ஊசித் தொடரை முடித்த மாணவிகள் 2013-14-ல் 85 சதவீதத்தைத் தாண்டினார்கள்; ஸ்காட்லாந்தில் இன்னும் மேல். அதன் பலன் பின்னாளில் பிரமாதமாகத் தெரிந்தது: 12, 13 வயதில் ஊசி போட்டவர்களிடையே கருப்பைவாய்ப் புற்று 87 சதவீதம் குறைந்ததாக 2021-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு காட்டியது. ஆனால் நூறு பெண்களில் எண்பத்தைந்து பேர் காப்பில் இருந்தால், அவர்களோடு பழகும் பையனுக்கு மீதமிருக்கும் ஆபத்து குறைவு. குறைந்த ஆபத்தை நீக்கச் செலவழிக்கும் ஒவ்வொரு பவுண்டும் வீண்செலவு போலத் தோன்றும். ஆஸ்திரேலியாவில் அன்று மூன்று ஊசியும் முடித்த மாணவிகள் 70 சதவீதத்தைச் சற்றே தாண்டியிருந்தார்கள். அங்கே ஓட்டை பெரிது, எனவே பையனின் ஊசிக்கு மதிப்பும் பெரிது. அக்கா ஒழுங்காகப் போட்டுக்கொண்டதனால் பிரிட்டிஷ் தம்பி வரிசையில் பின்னுக்குப் போனான். 2017 ஜூலையில் பிரிட்டிஷ் கூட்டுக் குழு வெளியிட்ட இடைக்கால அறிக்கை கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது: மாணவிகளிடையே ஊசி விகிதம் உயர்வாக இருக்கும் நாட்டில் பையன்களைச் சேர்ப்பது கட்டுப்படியாக வாய்ப்பில்லை.

அந்தக் கணக்கில் தப்பில்லை. கேள்வியில்தான் கோளாறு. 'பெண்களுக்கு ஏற்கெனவே போட்டாயிற்று; இனி பையன்களையும் சேர்த்தால் கூடுதலாக என்ன கிடைக்கும்?' என்று கேட்டால் பையன் எப்போதும் உபரிதான். பந்தி முடியும் நேரத்தில் வந்தவனுக்கு ரசம் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது போல. 'யாருக்குமே போடவில்லை, இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டால் என்ன கிடைக்கும்?' என்று கேட்டால் ஒரே திட்டம், ஒரே செலவு, இருவரும் பாதிப் பாதி. சரித்திரத்தில் முதலில் பையன்களுக்குத் தொடங்கியிருந்தால், பெண்பிள்ளைகள் உபரியாகியிருப்பார்கள். வரிசையில் முன்னால் நின்றவருக்கு எல்லாப் புண்ணியமும், பின்னால் வந்தவருக்கு எல்லாச் செலவும் என்று எழுதும் கணக்கு முறை அது.

2017-க்குப் பிறகு பிரிட்டனில் எதிர்ப்பு திரண்டது. முன்வரிசையில் நின்றவர்களில் பல் மருத்துவர்கள் இருந்தது பலருக்கு வியப்பு. வாயைத் திறக்கச் சொல்லி முதலில் எட்டிப் பார்ப்பவர்கள் அவர்கள்தானே! தொண்டைப் புற்றுநோய்க்கான ஒரு அறக்கட்டளை, இது பால் அடிப்படையிலான பாகுபாடு என்று சொல்லி வழக்குக்கும் ஆயத்தமானது. வசதி உள்ள பெற்றோர் காத்திருக்கவில்லை. காசு கொடுத்துத் தனியாரிடம் தங்கள் பையன்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பணக்காரப் பையனுக்கு ஊசி, ஏழைப் பையனுக்குச் சமூக எதிர்ப்பாற்றல் என்ற நிலை, பொது மருத்துவத்தைக் குலதெய்வமாகக் கொண்டாடும் நாட்டில் கூச்சம் தரும் காட்சி.

2018 ஜூலையில் குழு மாற்றிச் சொன்னது. 1.5 சதவீத விகிதத்தில் போட்டுப் பார்த்தது, ஆண், பெண் இருபாலரையும் ஒரே திட்டமாகச் சேர்த்தும் பார்த்தது, அப்போது கட்டுப்படியாயிற்று. அதே மாதம் அரசு ஏற்றுக்கொண்டது. ஓராண்டுக்குள் தொண்டைப் புற்றோ ஊசியின் குணமோ மாறிவிடவில்லை. கேள்வியை மாற்றிக் கேட்டார்கள், பதில் மாறியது.

ஆனால் அந்தச் சம்மதத்திலும் பழைய கேள்வியின் நிழல் ஒட்டிக்கொண்டிருந்தது. மூத்த பையன்களுக்குப் பின்னோக்கிப் போடுவது தேவையில்லை, அவர்களை மாணவிகளின் ஊசியே காக்கும் என்று குழு சொல்லிவிட்டது. அதனால் வந்ததுதான் 2006 செப்டம்பர் 1 என்ற கோடு. ஆஸ்திரேலியா தன் பையன்களுக்கு இரண்டாண்டு விடுபட்டோர் திட்டத்தோடு தொடங்கியது. 2023-ல் விடுபட்டவர்களுக்கான இலவச வயதை 25 வரை நீட்டியது. சிக்கனம் பிடிக்கும் இடத்தில் கையை எங்கே இறுக்குவது என்பதிலும் இரு நாடுகளின் சுபாவம் தெரிகிறது.

பிந்தித் தொடங்கியதற்குப் பிரிட்டன் இன்னொரு விலையும் கொடுத்தது, அதை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. பையன்களின் முதல் பள்ளி ஆண்டு பாதி தாண்டியபோது, 2020 மார்ச்சில், கொரோனா பள்ளிகளைப் பூட்டியது. அந்த 2019-20 கல்வியாண்டில் இங்கிலாந்தில் எட்டாம் ஆண்டு மாணவிகளில் முதல் தவணை பெற்றவர்கள் 59.2 சதவீதம், பையன்கள் 54.4. பிந்திய ஆண்டுகளில் ஏறினாலும் பழைய உயரம் திரும்பவில்லை. 2022-23-ல் மாணவிகள் 71.3, பையன்கள் 65.2. ஆஸ்திரேலியாவிலோ 2023-ல், 15 வயதை எட்டியவர்களில் ஒரு தவணையாவது பெற்ற பெண்கள் 84.2 சதவீதம், ஆண்கள் 81.8. இரு நாடுகளும் அளக்கும் வயது வேறு என்பதால் இந்த எண்களை நேருக்கு நேர் மோதவிடக் கூடாது. ஆனால் அந்தந்த நாட்டுக்குள் அக்காவுக்கும் தம்பிக்கும் உள்ள தூரத்தைப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவில் 2017-ல் தொடரை முடித்தவர்களிடையே இது நான்கு புள்ளிக்கு மேல். 2023-ல் இரண்டரைக்குக் கீழ். இங்கிலாந்தில் 2022-23-ல் அது ஆறு. கருப்பைவாய் ஊசி என்று பதினோரு ஆண்டு சொல்லிப் பழக்கிய வீடுகளில், பையனின் சம்மதப் படிவம் புத்தகப்பையின் அடியில் கசங்கிக் கிடப்பதில் அதிசயமில்லை. 2008-லிருந்து சேர்த்துவைத்த உயர்ந்த விகிதத்தை நம்பித்தான் பையன் வேண்டாம் என்றார்கள். அந்த விகிதம் ஒரே வசந்தத்தில் சரிந்தது. தோளில் ஒரு பக்கம் மட்டும் சுமை வைத்து நடப்பவனுக்கு அந்தத் தோள் சுளுக்கினால் என்ன ஆகும் என்பதை எந்த மாதிரியும் கணக்கில் எடுத்திருக்கவில்லை போலும்.

ஆஸ்திரேலியாவின் அந்த மூன்றாவது வரிசை என்ன ஆயிற்று? மெல்பர்னில் 16 முதல் 20 வயதுவரையுள்ள தன்பாலீர்ப்பு ஆண்களை இரண்டு காலகட்டங்களில் பரிசோதித்தார்கள். பையன்களுக்கு ஊசி வருவதற்கு முன், ஆசனவாயில் அந்த நான்கு வகைகளில் ஒன்றாவது இருந்தவர்கள் 28 சதவீதம். பள்ளியிலேயே ஊசி வாய்ப்புப் பெற்ற தலைமுறை 2017-18-ல் வந்தபோது அது 7. மருத்துவமனை வாசலில் காத்திருந்து யாரையும் வகை பிரிக்காமலே கிடைத்த பலன் இது.

இப்போது ஒரு தவணைக் கதை. 2023 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவும் செப்டம்பரில் இங்கிலாந்தும் இந்த ஊசியை ஒரே தவணையாக்கிவிட்டன. மூன்றாகத் தொடங்கி, இரண்டாகி, ஒன்றாயிற்று. இந்த மாற்றத்துக்கு ஆதாரமாக நின்ற ஆய்வுகளில் ஒன்று நம் திண்டுக்கல் மாவட்டம் வரை வருகிறது. பிரான்சின் லியோன் நகரில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2009-ல் இந்தியாவில் பல மையங்களில் தொடங்கிய சோதனையில், அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ மருத்துவ மையமும் ஒன்று. மூன்று தவணையா, இரண்டு போதுமா என்பதே கேள்வி. ஒரு தவணை பற்றி யாரும் யோசிக்கவில்லை. ஆந்திரத்திலும் குஜராத்திலும் நடந்த வேறொரு திட்டத்தைச் சுற்றி எழுந்த சர்ச்சையால் 2010-ல் அரசு எல்லா ஊசிச் சோதனைகளையும் நிறுத்தியது. ஊசித் தொடர் பாதியில் அறுந்தது. சுமார் 5,000 பெண்களுக்கு ஒரே தவணையோடு நின்றுவிட்டது. அவர்களைக் கைவிடாமல் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 2021-ல் முடிவு வெளிவந்தபோது, 16, 18 வகைகளின் நீடித்த தொற்றுக்கு எதிராக ஒரு தவணை 95 சதவீதம் காப்புத் தந்திருந்தது. மூன்று தவணைக்குச் சற்றும் குறைவில்லை. பாதியில் நின்ற சோதனையின் மிச்சம் மெல்பர்ன் பையனின் ஒற்றை ஊசிக்கு ஆதாரங்களில் ஒன்றானது.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. அந்தச் சோதனையில் பங்கேற்றவர்கள் எல்லாரும் பெண்கள். ஒரு தவணை போதும் என்பதற்கான நேரடிச் சான்று பெண்களிடமிருந்தே வந்தது. பையன்களுக்கு அது எதிர்ப்புப் புரதங்களின் அளவை ஒப்பிட்டு, ஊகித்து, நீட்டிக்கப்பட்டது. ஆராய்ச்சியிலும் பையன் இரண்டாவதுதான். ஆனால் இங்கே அது அவனுக்கு லாபமாயிற்று: தவணை ஒன்றானதும் செலவு சுருங்கியது, 2017-ல் அவனை வெளியே நிறுத்திய வாதத்தின் பாதி பலம் கரைந்தது.

இவ்வளவும் பையன் பக்கம் நின்று எழுதினேன். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரே ஒரு குறிப்பு, ஆனால் கனமானது. பிரிட்டன் பையன்களுக்கு ஊசி தொடங்கியது 2019 செப்டம்பரில். அடுத்த மாதமே உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டது: மருந்துத் தட்டுப்பாடு தீரும்வரை பையன்களுக்குப் போடுவதைத் தள்ளிவையுங்கள், ஏழை நாடுகளின் பெண்பிள்ளைகளுக்கு ஊசி இல்லை. அந்தக் கோரிக்கைக்கு லண்டனிலோ கான்பெராவிலோ யாரும் செவிசாய்க்கவில்லை. அறுவை, கதிர்வீச்சு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள பையனுக்கும், இவை எதுவுமே இல்லாத ஊரின் பெண்ணுக்கும் ஒரே குப்பி மருந்துதான் இருக்கிறது என்றால், நான் அந்தப் பெண்ணுக்கே கொடுப்பேன். 2022 இறுதியில் வந்த அதே நிறுவனத்தின் நிலைப்பாட்டிலும் 9 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளே முதல் இலக்கு, பையன்கள் முடிந்தால், கட்டுப்படியானால். ஒரு தவணை வந்த பிறகு தட்டுப்பாடு தளர்ந்து வருவதால் இந்தத் தர்மசங்கடமும் தளர்கிறது. ஆனால் பிரிட்டிஷ் கூட்டுக் குழு 2017-ல் மறுத்தது அந்த ஏழைப் பெண்ணுக்காக அல்ல. அவள் அந்தக் கணக்கில் எந்த வரிசையிலும் இல்லை.

ஆகஸ்ட் 31-ல் பிறந்த அந்தப் பையனுக்கு இன்று இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தன் காசில் மருந்துக்கடையில் போட்டுக்கொள்வது. மற்றொன்று, பாலியல் நல மருத்துவமனைக்குப் போய், தான் ஆண்களோடு உறவு கொள்பவன் என்று சொல்வது. சொன்னால் இலவசம். 25 வயதுக்கு முன் போய்ச் சொன்னால் ஒரு ஊசி. அதற்குப் பிறகு, 45 வயதுவரை, இரண்டு.